முதலில் விறகு, பிறகு அடுப்பு

*மின்சாரம் போன குளிர்கால இரவுகள் பல குடும்பங்களைப் பழைய செங்கல் கணப்பின் பக்கம் திருப்பியிருக்கின்றன. அதற்குள் விறகடுப்பு ஒன்றைச் செருகி வீட்டைச் சூடாக்க நினைப்பவர்கள் எங்கிருந்து தொடங்குவது? எரித்துப் பார்த்த அனுபவத்திலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.*

2013 டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காபரோவில் விடிவதற்கு முன்னரே வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியது. ஒன்று, பிறகு இன்னொன்று, சற்று ஓய்ந்து மறுபடி இரண்டு. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தைக் கடந்து வந்த காதுக்கு அந்தச் சத்தம் வேறு நினைப்பைத்தான் கொண்டுவரும். அம்மா கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோரம் குந்திவிட்டார். யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். தெருவோர மேப்பிள் மரங்கள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்துகொண்டிருந்தன. சுள்ளி ஒவ்வொன்றையும் கண்ணாடி வார்த்ததுபோல் பனிக்கட்டி மூடியிருந்தது. மின்கம்பி ஒன்று அயல்வீட்டு வாசலில் கிடந்தது.

எங்கள் வீட்டைச் சூடாக்குவது எரிவாயு. அதனால் பயமில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் நிலவறையில் இருந்த ஃபேர்னஸ் அசையவில்லை. குழாயில் எரிவாயு வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பற்றவைக்கவும், சூட்டை அறை அறையாகத் தள்ளும் விசிறியைச் சுழற்றவும் மின்சாரம் வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போயிருந்தது. நத்தார் கழிந்த பிறகும் இருட்டில் இருந்த வீடுகள் உண்டு.

இரண்டாம் நாள், வரவேற்பறையில் அலங்காரமாக இருந்த செங்கல் கணப்பை மூட்டினோம். எரிபொருள் நிலையத்தில் பொலித்தீன் கட்டாக விற்ற விறகு, ஐந்து கட்டு. எல்லோரும் அதன் முன்னே போர்வைக்குள் ஒடுங்கினோம். முகம் சுட்டது, முதுகு குளிர்ந்தது. இரவில் 13 பாகை காட்டிய சுவர் வெப்பமானி காலையில் 11 காட்டியது. படுக்கையறையில் 6. இரவு முழுக்க விறகு போட்டும் வீடு குளிர்ந்துகொண்டே போனது.

"நெருப்பை வளத்துப்போட்டு நாங்கள் ஏன் தம்பி நடுங்கிறம்?" என்று அம்மா கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போன இடத்தில்தான் 'இன்சேர்ட்' என்ற சொல் எனக்குக் கிடைத்தது.

புகைக்கூட்டால் போகும் சூடு

திறந்த கணப்பு எரிவதற்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை உறிஞ்சிப் புகைக்கூட்டால் மேலே அனுப்புகிறது. போகிற காற்று வீட்டுக்குள் இருந்த வெதுவெதுப்பான காற்று. அதன் இடத்தை நிரப்ப, யன்னல் இடுக்காலும் கதவுக் கீழாலும் வெளிக் குளிர் உள்ளே வருகிறது. விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அறைக்குக் கிடைத்தாலே பெரிது. கடுங்குளிர் நாளில் அந்தப் பத்தில் ஒன்றும் கணக்கில் கழிந்துபோகும். அம்மாவின் நடுக்கத்துக்குக் காரணம் இதுதான்.

இன்சேர்ட் என்பது அந்தக் கணப்பின் வாய்க்குள் செருகும் இரும்புப் பெட்டி. முன்னால் இறுக மூடும் கண்ணாடிக் கதவு, உள்ளே தீக்கல், பெட்டியைச் சுற்றி இன்னொரு உறை. இரண்டுக்கும் இடையே ஓடும் காற்றைச் சிறு விசிறி அறைக்குள் தள்ளும். பாண் போறணையைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் உடனே விளங்கும்: நெருப்பை அடைத்து வைத்தால் சூடு தங்கும். மீதிப் பாதி போறணையில் இல்லாதது. விறகின் சூட்டில் பாதிக்கு மேல் அதிலிருந்து கிளம்பும் வாயுக்களில் இருக்கிறது. புகை என்று நாம் கண்ணைக் கசக்கும் அந்த வாயுக்களும் எரிபொருள்தான். பெட்டியின் மேற்பகுதியில் உள்ள துளைக்குழாய்கள் சூடேறிய புதுக்காற்றை அங்கே பாய்ச்சுகின்றன. ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் எட்டியதும் புகையே பற்றிக்கொள்ளும். கண்ணாடிக்குப் பின்னால், விறகைத் தொடாமல், கூரையிலிருந்து சுவாலை இறங்குவதுபோல் தெரியும். முதன்முதல் அதைப் பார்த்த இரவு என் பிள்ளைகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1740களில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கணப்புக்குள் பொருத்தும் இரும்பு அடுப்பொன்றை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை தர முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்தார். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வட அமெரிக்காவில் பலர் அவசரமாக இன்சேர்ட்டுகளை வாங்கி, குழாய் எதுவும் இணைக்காமல் கணப்புக்குள் தள்ளிவைத்தார்கள். அகலமான புகைக்கூட்டில் புகை குளிர்ந்து தார் படிந்து, தீவிபத்துகளுக்கு வழி வைத்தது. அந்தக் காலத்துப் பெட்டிகள் இன்றும் மலிவு விலைக்கு விளம்பரத்தில் வரும். வாங்காதீர்கள்.

---
பெட்டிச் செய்தி: தரமான இன்சேர்ட்டின் அடையாளங்கள்

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று. 2020 மே 15 முதல் நடப்பில் உள்ள வரம்பு: மணிக்கு 2 கிராம் நுண்துகள், உண்மையான பிளந்த விறகால் சோதித்திருந்தால் 2.5 கிராம்.

கனடாவில் பாதுகாப்புச் சான்று: யூ.எல்.சி. எஸ்628. பொருத்தும் முறைக்கு சி.எஸ்.ஏ. பி365.

எரிபெட்டியின் கொள்ளளவு: 2 கன அடிக்கு மேல் இருந்தால் இரவு முழுவதும் தணல் காக்கலாம். அதிலும் சிறியது மாலை நேரச் சூட்டுக்கே போதும்.

கதவுக்கு முன்னால் குறைந்தது 450 மில்லிமீற்றர் தூரம் தீப்பற்றாத தரை.

---

அம்மா தட்டிப் பார்த்த கட்டை

எல்லோரும் கடையில் அடுப்பைப் பார்ப்பதில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் இன்று யாராவது கேட்டால் சொல்வேன்: முதலில் விறகை வாங்கி அடுக்குங்கள். அடுப்பு ஒரு நாளில் வந்துவிடும். காய்ந்த விறகுக்கு ஒரு வருடம் வேண்டும்.

எங்கள் ஊரில் விறகு விற்கும் இடத்துக்கு விறகு காலை என்று பெயர். 1990இல் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற நாட்களில், அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு அங்கே போவார். முதலில் விலை கேட்கமாட்டார். இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டுவார். காய்ந்தது 'டங்' என்று ஒலிக்கும். ஈரம் உள்ளது 'தொப்' என்று அடங்கும். வீட்டில் அடுப்புக்கு மேலே பறணில் அடுத்த வாரத்து விறகு புகையில் காய்ந்துகொண்டிருக்கும். ஊமல், பாளை, சிரட்டை எதுவும் வீணாகாது.

ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் 'காய்ந்த விறகு' என்று எழுதி வைத்திருந்தார்கள். ஈரமானி ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் 17 வீதம் காட்டியது. வாங்கலாம் என்று பணப்பையைத் தொட்டபோது அம்மா தன் வழக்கப்படி இரண்டைத் தட்டிப் பார்த்தார்.

"உது பச்சை, தம்பி. வெளியாலதான் காஞ்சிருக்கு."

கோடரி கேட்டு வாங்கி ஒன்றைப் பிளந்தேன். புதிதாகத் திறந்த முகத்தில் ஈரமானியைக் குத்தியபோது 34. விறகின் ஈரத்தை எப்போதும் பிளந்த முகத்தில்தான் அளக்க வேண்டும். 20 வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அது எரிக்கத் தகுந்த விறகு.

ஈரமானி காட்டும் வீதம் காய்ந்த மரத்தின் எடையை வைத்துக் கணக்கிட்டது; 34 என்றால் ஒரு கிலோ கட்டையில் ஏறத்தாழ 250 கிராம் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகுதான் விறகு உங்களுக்குச் சூடு தரும். அதைவிட மோசமான விளைவு வேறு. ஈரம் பெட்டியைக் குளிரவைப்பதால் புகை பற்றும் வெப்பம் எட்டாது. எரியாத புகை குழாயின் குளிர்ந்த சுவரில் கருந்தாராக ஒட்டும். 'கிரியோசோட்' என்று இதைச் சொல்கிறார்கள். ஊர்க் குசினிச் சுவரில் படியும் கரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது பற்றி எரியக்கூடியது. பற்றினால் புகைக்கூட்டுக்குள் வெப்பம் 1000 பாகையைத் தாண்டும். அந்த நேரத்தில் வீட்டின் மேல் ரெயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்குமாம். கண்ணாடிக் கதவு கறுப்பதும், அடுப்பு சோம்பிக் கிடப்பதும், அயல்வீட்டார் முறைப்பதும், புகைக்கூட்டில் தீப்பிடிப்பதும் பெரும்பாலும் ஈர விறகில்தான் தொடங்குகின்றன. இன்சேர்ட் சரியில்லை என்று குறைப்பட்டவர்களின் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். நான் போன வீடுகளில் குறை அடுப்பில் இருக்கவில்லை, விறகில் இருந்தது.

மேப்பிள், பேர்ச் போன்றவை பிளந்து அடுக்கினால் ஒரு கோடையில் ஓரளவுக்கும், ஒரு முழு வருடத்தில் நன்றாகவும் காயும். ஓக் இரண்டு வருடம் கேட்கும். ஆஷ் மரம் வெட்டும்போதே ஈரம் குறைந்தது. தொடங்குபவர்களுக்கு அதுவே கைகொடுக்கும். ஒன்ராறியோவில் ஆஷ் விறகு தாராளமாகக் கிடைப்பதற்குத் துயரமான காரணம் ஒன்றுண்டு. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டு 2002இல் டெற்றோய்ற்றிலும் வின்சரிலும் கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஆஷ் மரங்களைத் தெருத்தெருவாகக் கொன்றுவிட்டன. இப்படிப்பட்ட பூச்சிகள் விறகுக் கட்டைக்குள் ஒளிந்து ஊர்விட்டு ஊர் போகின்றன. அதனால் விறகைக் கிட்டடியில் வாங்கிக் கிட்டடியிலேயே எரியுங்கள். குடிலுக்குப் போகும் விடுமுறைப் பயணத்தில் கார் நிறைய விறகு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

அடுக்கும்போது கீழே பலகைத் தட்டு, மேலே மட்டும் மூடி, பக்கங்கள் திறந்து இருக்க வேண்டும். சிலர் தார்ப்பாயால் குவியல் முழுவதையும் போர்த்திவிடுகிறார்கள். அது விறகை அவிப்பதற்குச் சமம். நிலவறைக்குள் மாரிக்கான விறகு முழுவதையும் அடுக்குவதும் வேண்டாம். பூஞ்சணமும் பூச்சியும் வீட்டுக்குள் குடியேறிவிடும்.

---
பெட்டிச் செய்தி: விறகுக் கணக்கு

முழுக் 'கோர்ட்' என்பது 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம். 128 கன அடி. ஒன்ராறியோவில் 'புஷ் கோர்ட்' என்பதும் இதுதான்.

'ஃபேஸ் கோர்ட்' அதே உயரமும் நீளமும் கொண்டது. ஆனால் 16 அங்குலக் கட்டை ஒரு வரிசை மட்டும். முழுக் கோர்ட்டில் மூன்றில் ஒரு பங்கு.

காய்ந்த சீனி மேப்பிள் முழுக் கோர்ட் ஒன்றின் எடை ஏறத்தாழ ஒன்றே முக்கால் தொன். எங்கே இறக்குவது, யார் அடுக்குவது என்று முதலே முடிவு செய்யுங்கள்.

எரிக்கக் கூடாதவை: வர்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, இரசாயனம் ஏற்றிய வேலிக்கட்டை, பிளாஸ்ரிக், பளபளப்புக் காகிதம், கடற்கரையில் ஒதுங்கிய உப்பு மரம்.

---

புகைக்கூடும் பத்திரங்களும்

விறகு காய்ந்துகொண்டிருக்கும் நாட்களில் செய்யவேண்டிய வேலை புகைக்கூட்டைப் பரிசோதிப்பது. கனடாவில் இதற்கென்று பயிற்சி பெற்றவர்களுக்கு 'வெற்' சான்றிதழ் உண்டு. வந்தவர் கூரையில் ஏறிக் கமெராவை உள்ளே இறக்கினார். மேலிருந்து மூன்றாவது களிமண் ஓட்டில் தலைமயிர் அளவு வெடிப்பு. வெளியே இருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாத செங்கல் அது.

பழைய புகைக்கூடு திறந்த கணப்புக்காகக் கட்டியது. இன்சேர்ட்டுக்கு அது மிக அகலம். அதனால் வழக்கமாக 6 அங்குல விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயை உச்சி வரை இறக்கி, சூடு கசியாத உறையும் சுற்ற வேண்டும். எனக்கு முதலில் விலை சொன்னவர், முதல் ஓடு வரை ஒரு துண்டுக் குழாய் போதும், காசு மிச்சம் என்றார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். அடுப்பில் மலிவு பார்த்தாலும் குழாயில் மலிவு பார்க்கக் கூடாது.

நகரசபையின் கட்டட அனுமதியும் காப்புறுதி நிறுவனத்துக்கான அறிவித்தலும் அடுப்பு வர முன்னரே முடிய வேண்டியவை. பொருத்திய பின் 'வெற்' அறிக்கையைப் பெற்று காப்புறுதிக்காரருக்கு அனுப்புங்கள். சொல்லாமல் வைத்து நாளைக்கு ஒரு தீவிபத்து நடந்தால், நட்டஈடு கேட்கும் இடத்தில் உங்கள் பக்கம் பேச எதுவும் இருக்காது. இதில் 'பிறகு பார்ப்போம்' என்று இருந்துவிடாதீர்கள்.

மூட்டும் முறை

முதல் இரண்டு மூன்று தடவை சிறு நெருப்பு மட்டும். புதிய பெட்டியின் வர்ணம் இறுகும்போது நெடி கிளம்பும். யன்னல்களைத் திறந்து வையுங்கள்.

ஊரில் கீழே சுள்ளி, மேலே கட்டை. இங்கே தலைகீழ். தடித்த பிளவுகள் அடியில், அதற்கு மேல் குறுக்கே மெல்லியவை, உச்சியில் விரல் தடிப்புச் சிராய்களும் முடிச்சுப் போட்ட பத்திரிகைத் தாளும். காற்றுத் திறப்பு முழுவதும் திறந்திருக்க வேண்டும். வெளிச்சுவரில் கட்டிய புகைக்கூடு என்றால் அதற்குள் குளிர்காற்றுக் கட்டியாக நிற்கும். பத்திரிகைத் தாள் ஒன்றைக் கொளுத்திக் குழாயின் வாயருகே பிடித்து, சுவாலை மேல்நோக்கி இழுபடுவதைப் பார்த்த பின்னரே மூட்டுங்கள். நெருப்பு மேலிருந்து கீழே தின்றுகொண்டு இறங்கும். தொடக்கத்திலேயே குழாய் சூடாகிவிடுவதால் புகை குறைவு. அம்மா இதை ஒத்துக்கொள்ள ஒரு மாரி எடுத்தது.

கட்டைகளின் ஓரம் கறுத்து, சுவாலை உறுதியானதும் காற்றைப் படிப்படியாகக் குறையுங்கள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போய்ப் புகைக்கூட்டை அண்ணாந்து பாருங்கள். புகை தெரியக் கூடாது; வெயிலில் தார்வீதி நடுங்குவதுபோல் காற்று நடுங்கினால் போதும். நான் இப்போதும் மாரி முழுக்க இதைச் செய்கிறேன். உள்ளே நெருப்பு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும், அது ஒழுங்காக எரிகிறதா என்று வெளியே நின்று பார்த்தால்தான் தெரியும்.

படுக்கப் போகும்போது காற்றை முற்றாக அடைத்து இரவு முழுக்கப் புகையவிடும் பழக்கம் ஆபத்தானது. தார் அதிகம் சேர்வது அப்போதுதான். நிறையத் தணல் இருக்கும்போது பெரிய பிளவுகள் போட்டு, அவை நன்றாகப் பற்றிய பிறகு குறையுங்கள்.

சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். மரத்தளத்தில், கராஜில், குப்பைப் பையில் வேண்டவே வேண்டாம்.

மீன் பொரிக்கும் நாளில்

நம் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் உண்டு. எந்த விற்பனையாளரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

தாளிப்பும் பொரியலும் மணக்காமல் இருக்க, குசினியில் பலமான புகையுறிஞ்சி பூட்டியிருக்கிறோம். அது வீட்டுக் காற்றை வேகமாக வெளியே தள்ளுகிறது. வெளியேறிய காற்றுக்கு ஈடாக எங்காவது ஒரு வழியால் காற்று உள்ளே வரவேண்டும். யன்னல்கள் இறுக்கமான வீட்டில் அகலமான வழி புகைக்கூடுதான். ஒரு சனிக்கிழமை விளைமீன் பொரித்துக்கொண்டிருந்தபோது, விறகு போட இன்சேர்ட்டின் கதவைத் திறந்தேன். மேலே போகவேண்டிய புகை என் முகத்தில் வந்து அடித்தது. புகையாவது கண்ணுக்குத் தெரியும். தணல் மட்டும் எரியும் பின்னிரவில் இதே விதமாக உள்ளே வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

குசினி விசிறி ஓடும்போது பக்கத்து யன்னலைச் சற்றுத் திறந்து வைப்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம். குளியலறை விசிறிக்கும், உடுப்பு உலர்த்தும் இயந்திரத்துக்கும் இதே குணம் உண்டு. சில இன்சேர்ட்டுகளுக்கு வெளிக்காற்றை நேராகக் கொண்டுவரும் தனிக்குழாய் பூட்டலாம், கேட்டுப் பாருங்கள்.

எரிபொருளில் இயங்கும் கருவியோ கணப்போ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்று ஒன்ராறியோவில் 2014 அக்டோபர் 15 முதல் சட்டம். 2008இல் உட்ஸ்ரொக் நகரில் ஒரு குடும்பம் முழுவதும் இந்த வாயுவால் இறந்த பிறகு வந்த சட்டம் அது. 2013 பனிப்புயலில் கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களும், ஜெனரேற்றரைக் கராஜில் ஓட்டியவர்களும் இதே நஞ்சால் மருத்துவமனைக்குப் போனார்கள். மின்சாரம் போனாலும் வேலை செய்யும் மின்கலக் கருவியாக வாங்குங்கள்.

இன்னொரு விளைவையும் சொல்ல வேண்டும். இன்சேர்ட் இருக்கும் அறையிலேயே ஃபேர்னஸின் தேர்மோஸ்ராட் இருந்தால், வீடு முழுவதும் சூடு என்று அது நம்பி ஃபேர்னஸை நிறுத்திவிடும். வரவேற்பறையில் 24 பாகை இருக்கும்போது வடக்குப் பக்கச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கலாம். கடுங்குளிர் இரவுகளில் ஃபேர்னஸை இடைக்கிடை ஓடவிடுங்கள். சூட்டைத் தூர அறைகளுக்கு அனுப்ப நினைத்து விசிறியை அடுப்புப் பக்கமிருந்து ஊதவிடுவார்கள். அதைவிட, வீட்டு நடைவழியின் தரையில் சிறு விசிறியை வைத்து, குளிர்காற்றை அடுப்பறைக்குள் ஊதவிட்டால் வெப்பக்காற்று கூரையோரமாகத் தானே போகும்.

மொன்றியல் சொல்லும் கதை

1998 சனவரி 5 முதல் 10 வரை கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் உறைமழை பெய்தது. சில இடங்களில் 100 மில்லிமீற்றர் அளவுக்கு. ஏறத்தாழ ஆயிரம் உருக்கு மின்கோபுரங்கள் மடிந்து விழுந்தன. கனடாவில் 40 லட்சம் பேருக்கு மேல் மின்சாரம் இழந்தார்கள். மொன்றியலுக்குத் தெற்கே சிலருக்கு அது திரும்பி வர ஒரு மாதம் ஆனது. கியூபெக்கில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது மின்சாரம். அந்த மாரியை அனுபவித்த பலர் அதன் பிறகு விறகடுப்பு வைத்தார்கள். அவர்களை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் மழைக்காலக் குடை போல் தேவைப்படும்போது மட்டும் விரிக்கும் பொருளாக விறகடுப்பு இருப்பதில்லை. வைத்தவர்கள் தினமும் மூட்டினார்கள். காற்று அசையாத குளிர்நாட்களில் நகரத்தின் மேல் புகை போர்வையாகப் படிந்தது. நுண்துகள்கள் மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும், இதயநோய் உள்ள முதியவருக்கும் அவை உண்மையான ஆபத்து. 2009இல் மொன்றியல் புதிய விறகடுப்புகள் வைப்பதைத் தடுத்தது. 2018 அக்டோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளியிடும் அடுப்புகளை எரிக்கவே தடை. மின்சாரம் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போனால் மட்டும் எந்த அடுப்பையும் மூட்டலாம். புகைமூட்ட எச்சரிக்கை நாளில், சான்று பெற்ற அடுப்புக்கும் அனுமதி இல்லை.

இந்தச் சட்டம் நியாயமானது என்றே நினைக்கிறேன். பனிப்புயலில் உயிர் காக்கும் உரிமையையும், பக்கத்து வீட்டுப் பிள்ளை மூச்சுவிடும் உரிமையையும் அது ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறது. ரொறன்ரோவில் இப்படிப்பட்ட தடை இல்லை. ஆனால் நெருக்கமான தெருவில் வாழ்பவர்கள் அதைத் தாங்களாகவே கடைப்பிடிக்கலாம். காற்று அசையாத இரவில் நான் மூட்டுவதில்லை. உங்கள் வீட்டிலேயே ஆஸ்துமாக்காரர் இருந்தால் விறகை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து.

காசு மிச்சமா?

அடுப்பு, உச்சிவரை குழாய், கூலி, அனுமதி எல்லாம் சேர்த்தால் 5,000 டொலருக்குக் கீழே முடிவது அரிது. விலைக்கு விறகு வாங்கி எரித்தால், ரொறன்ரோவில் இயற்கை எரிவாயுவைவிட மலிவாக வராது. மின்சாரச் சூடாக்கியோ புரொப்பேனோ எண்ணெயோ பாவிக்கும் கிராமப்புற வீடு, சொந்தமாக மரம் உள்ள காணி, இப்படிப்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. நகரத்தில் இருப்பவர்கள் மாதக் கட்டணத்தை நினைத்து இதில் இறங்க வேண்டாம். 2013 போன்ற ஓர் இரவை நினைத்து இறங்குங்கள்.

அப்படி இறங்குபவர்கள் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மின்சாரம் போனால் இது என்ன செய்யும்? காற்றை ஊதும் விசிறி நின்றுவிடும். கணப்புக்குள் முழுதாகப் புதைந்து நிற்கும் பெட்டியின் சூட்டில் பெரும்பங்கு செங்கல்லுக்குப் போகும். ஒரு சாண் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை, விசிறி இல்லாமலே அறைக்குச் சூடு வீசும். பார்வைக்குக் கொஞ்சம் முரடாக இருக்கும். நாங்கள் அதைத்தான் எடுத்தோம்.

போன மாரியில் ஒரு இரவு ஒன்பது மணித்தியாலம் மின்சாரம் இல்லை. வெளியே பூச்சியத்துக்குப் பத்துப் பாகைக்கும் கீழே. விசிறி நின்ற பிறகு வீடு அமைதியாகி, விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மெத்தைகளை வரவேற்பறைக்கு இழுத்து வந்தோம். விடியற்காலை நான் எழும்பியபோது சுவர் வெப்பமானியில் 19. அம்மா எனக்கு முன்னரே எழும்பியிருந்தார். கதவைத் திறந்து, சாம்பலுக்குள் கிடந்த தணலை முன்னால் இழுத்து, இரண்டு ஆஷ் பிளவுகளை எடுத்து, போட முன்னம் பழக்கத்தில் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். பிறகு, வெளியே நீட்டியிருந்த அந்த ஒரு சாண் இரும்பின் மேல் கேத்திலை வைத்தார். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது.